கண்ணாடி ஓரத்தில் ஒரு துண்டு

பிள்ளைகளா, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், "லேப்ல வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறீர்கள். அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை என்று சின்னவள் ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டாள். அந்த வேலை என்ன என்பதையும், அம்மாவின் கழுத்தில் கட்டி வந்த சமயத்தில் நான் ஏன் பேயறைந்தவன் மாதிரி வீட்டுக்குள் திரிந்தேன் என்பதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன். நான் பன்னிரண்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் லேப்புக்குச் சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளில் இருந்து சின்னச் சின்ன பாட்டில்கள் வரும். உள்ளே ஃபார்மலின் மருந்தில் ஒரு சதைத் துண்டு கிடக்கும். யாருடைய வயிற்றில் இருந்தோ மார்பில் இருந்தோ எடுத்தது. அதில் கெட்டது இருக்கிறதா என்று டாக்டரம்மா மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார். ஆனால் சதையை அப்படியே வைத்துப் பார்க்க முடியாது. வெளிச்சம் உள்ளே புகாது. அதனால் அதை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, மேலே இன்னொரு மெல்லிய கண்ணாடியால் மூடிக் கொடுப்போம். அந்தக் கண்ணாடிக்குத்தான் ஸ்லைடு என்று பேர். வெங்காயம் உரிக்கும்போது உள்ளே ஒரு சவ்வு வருமே, அதைவிடவும் மெல்லிசாக வெட்ட வேண்டும். பார்க்கிறது டாக்டரம்மா வேலை. பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவது என் வேலை. வருஷக்கணக்காக அந்தத் துண்டுகள் எனக்கு வெறும் நம்பர்கள்தான்.

அம்மாவுக்குத் தலை சீவும்போதுதான் அது கையில் தட்டுப்பட்டது. இடது கழுத்தில், தோள் எலும்புக்குச் சற்று மேலே. "கொசு கடிச்சிருக்கும்" என்றாள். மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தாள், கரையவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, "எடுத்து அனுப்பிப் பாத்திருவோம்" என்றார். அனுப்பிப் பார்ப்பது என்றால் எங்கே அனுப்புவார்கள், யார் வெட்டுவார்கள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கட்டியை எடுத்த அன்று அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கழுத்தில் ஒட்டியிருந்த துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். அவள் வேலை பார்ப்பது பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்டில் இல்லையா.

"இது எங்க யூனிட் துணி இல்லங்க. நூலு எம்புட்டு எட்ட எட்டப் போகுது பாருங்க. இங்கிட்டு இம்புட்டு பேரு நெய்யுதோம், இவிய எங்க போயி வாங்கிருக்காவ?"

"பேசாமப் படு. தையல் பிரிஞ்சிரும்."

"நீங்க எதுக்கு இப்படி வேர்த்துப்போயி நிக்கிய? அறுத்தது எனக்கா, உங்களுக்கா?"

நான் சிரிக்க முயற்சி செய்தேன். நர்ஸம்மா பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீங்க அந்த லேப்புலதானே இருக்கீங்க, கையோட கொண்டுபோயிருங்க" என்றார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மருந்துக்கு அடியில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒன்று கிடந்தது. அவ்வளவுதான். உங்கள் அம்மாவின் உயிர் எந்தப் பக்கம் என்று சொல்லப்போகிற சாமான், மொச்சைக்கொட்டை அளவு.

பாட்டிலை என் தோள்துண்டில் சுற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். உட்கார இடம் இல்லை. நம்மூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால், உட்கார்ந்திருப்பவர்கள் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள், உங்களுக்கே தெரியும். பூக்கூடையை மடியில் வைத்திருந்த ஓர் அம்மா கையை நீட்டினார்.

"பையக் குடுங்க தம்பி. கம்பியப் பிடிச்சி நில்லுங்க."

"இருக்கட்டும்மா."

"அட, குடுங்கன்னா. தள்ளாடுதீகல்ல."

"வேண்டாம்மா. பரவால்ல."

அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "அம்புட்டும் தங்கம் போல. தூக்குவாளிய நான் முழுங்கிருவேனாக்கும்" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு பிரேக்குக்கும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மூடி கழன்று மருந்து சிந்திவிட்டால் துண்டு காய்ந்து போகும். காய்ந்தால் ஒன்றும் தெரியாது. அந்த அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது?

லேப்பில் நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா பேர் ஊரில் பாதிப் பெண்களுக்கு இருக்கிற பேர். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. என்னோடு வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி உண்டு, ராஜபாளையத்துப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். அவளிடம்கூட வாயைத் திறக்கவில்லை. சொன்னால் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பிப்பார்கள், கெட்டது இருந்தால் மறைப்பார்கள், துண்டை வேறு யாராவது வெட்டுவார்கள். மூன்றுமே எனக்குப் பயம்.

துண்டை இரண்டாக நறுக்கி முழுவதையும் மெழுகில் பதிக்கப் போட்டாயிற்று. பாட்டிலில் மிச்சம் இல்லை. மெழுகு ஏறி அது கட்டியாகி என் மேசைக்கு வந்த காலையில், வழக்கத்துக்கு முன்னாலேயே லேப்பைத் திறந்துவிட்டேன்.

மெழுகுக் கட்டியைச் சீவுகிற மெஷினில் ஒரு சக்கரம் இருக்கும். சுற்றச் சுற்ற, பிளேடில் இருந்து மெழுகுச் சீவல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடா மாதிரி இறங்கும். அதைத் தூரிகையால் தாங்கி, இளஞ்சூட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுவோம். சுருக்கம் தானே விரியும். விரிந்ததும் கண்ணாடியை அடியில் கொடுத்து ஏந்தி எடுக்க வேண்டும். இங்கேதான் ஒரு பெரிய ஆபத்து. முன்னால் வெட்டிய ஆளின் சதையில் இருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால், அது அடுத்த ஆளின் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஃப்ளோட்டர் என்போம். ஒருத்தர் வியாதி இன்னொருத்தர் கண்ணாடியில் ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு கட்டிக்கும் நடுவில் தண்ணீரின் மேல் டிஷ்யூ பேப்பரை இழுத்துத் துடைப்போம்.

அன்று அதுகூட எனக்குப் போதவில்லை. தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து, புதுத் தண்ணீர் ஊற்றி, புது பிளேடு மாட்டி, மற்ற எல்லாவற்றுக்கும் முதலாக அம்மாவின் மெழுகுக் கட்டியைத்தான் வெட்டினேன். கண்ணாடியின் ஓரத்தில் நம்பரைப் பென்சிலால் எழுதினேன். பேனாவால் எழுதினால் மை கரைந்துபோகும், அதனால் எப்போதும் பென்சில்தான். பிறகு மற்ற ஆட்களின் கட்டிகளை வெட்டினேன். எல்லாக் கண்ணாடிகளையும் சூட்டில் காயவைத்து, தட்டில் அடுக்கி, சாய ஜாடிகளில் வரிசையாக முக்கி எடுத்தேன். ஒரு சாயம் நீலம், ஒன்று ரோஸ். கடைசியில் ஒரு சொட்டுப் பசை வைத்து, மெல்லிய கண்ணாடியைச் சாய்த்து மூடி டாக்டரம்மா மேசையில் வைத்தேன். வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

வெளியே பெஞ்சில் கான்சாபுரத்துக்காரர் ஒருவர் ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய சம்சாரி, தென்னந்தோப்பு வைத்து விவசாயம் பார்க்கிறவர். அவருடைய வீட்டுக்காரிக்கு வயிற்றில் இருந்து எடுத்த துண்டை முந்தின நாளே செய்து முடித்திருந்தோம். டாக்டரம்மா கையெழுத்து மட்டும் பாக்கி. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி, நேத்தும் வரச் சொன்னிய, இன்னைக்கும் வரச் சொன்னிய. உள்ள என்ன, ஊறுகாயா போட்டிருக்கிய?"

"செத்த நேரம் இருங்க. கையெழுத்து ஆகணும்."

"நல்லதா மட்டும் வரட்டும், தோப்புல இருந்து ஒரு குலை எளநி எறக்கிட்டு வாரேன். நீங்களே குடிக்கணும், டாக்டருக்குக் குடுத்திராதிய." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரிப்பு நின்ற பிறகும் வாய் கொஞ்சம் திறந்தே இருந்தது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

உள்ளே இருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். மைக்ரோஸ்கோப்பில் இருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

"இந்தக் கழுத்துக் கட்டி யாரு வெட்டுனது? நீங்களா தம்பி?"

"ஆமா மேடம்."

"பாக்க டி.பி. மாதிரிதான் இருக்கு, கழுத்துல நெறிகட்டுற வகை. ஆனா ஓரத்துல தனியா ஒரு சின்னத் துண்டு. அது சரியில்ல. கேன்சர் செல். வயித்துல எங்கயோ இருந்து கழுத்துக்கு ஏறி வந்திருக்கும் போல. வயித்துல இருக்கிறது இப்படி இடது கழுத்துக்கு வர்றதுதான்." நாற்காலியில் சாய்ந்தார். "பொண்ணுக்கு வயசு கம்மியா இருக்கே. பிள்ளைகுட்டிக்காரியா இருப்பா. பாவம்."

பிள்ளைகளா, அந்த இடத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. வயிறு என்ற சொல் மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளாகவே அம்மா ராத்திரிச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள். "நெஞ்சக் கரிக்கி, இறங்க மாட்டேங்கு" என்பாள். நீங்கள் அவள் தட்டில் இருந்த அப்பளத்துக்குச் சண்டை போடுவீர்கள். நானும் ஒன்றும் கேட்டதில்லை.

பக்கத்தில் நின்ற தங்கச்சிதான் பேசினாள். "மேடம், ஃப்ளோட்டரா இருக்குமோ?"

"இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "எத்தனையாவதா வெட்டுனீங்க தம்பி? முன்னால எந்தக் கட்டி?"

எவ்வளவு நல்ல கேள்வி. வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கரையேறி இருப்பேன். ஆனால் அன்று தொட்டியைக் கழுவியது நான். புதுத் தண்ணீர் ஊற்றியது நான். முன்னால் ஒருவரையும் வெட்டவில்லை. ஒரு துணுக்கும் வர வழியில்லை என்பது எனக்கு மட்டும்தான் உறுதியாகத் தெரியும். அம்மாவுக்குக் கெடுதல் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலையே அவளுக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்ட மாதிரி நின்றது.

"முதல்ல வெட்டுனது அதுதான் மேடம். புதுத் தண்ணி."

"அப்படியா?" என்று அவர் இழுத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி, உக்காருங்க. என்ன ஆச்சு?"

"அது என் வீட்டுக்காரி மேடம்."

தங்கச்சி வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அம்மோ! அண்ணே, சொல்லவே இல்லியே. நானும் காலையில இருந்து பாட்டுப் பாடிக்கிட்டு வேல பாக்குதேனே."

டாக்டரம்மா கோபப்படவில்லை. "மெழுகுல இன்னும் சதை இருக்கா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் இருக்கு மேடம்."

"உள்ள இன்னும் ஆழமா வெட்டிப் பாப்போம். அந்தத் துண்டு அவளோடதுன்னா உள்ளயும் திரும்ப வரணும். நீங்க வெட்ட வேண்டாம். இவ வெட்டட்டும்."

தங்கச்சி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னால முடியாது மேடம். தெரியாம இருந்தா வெட்டியிருப்பேன். இப்ப அண்ணியார் மொகம் வருது."

"அப்ப நானே வெட்டுதேன் மேடம்" என்றேன். வேறு என்ன சொல்ல.

நான் கதவருகே போனபோது டாக்டரம்மா மறுபடியும் கூப்பிட்டார். "தம்பி, இந்தத் தடவ ஜாடியெல்லாம் கொட்டிட்டுப் புதுசா ஊத்திருங்க."

"தண்ணி சுத்தம்தான் மேடம்."

"தண்ணியச் சொல்லல. சாய ஜாடிய. நேத்துத் தட்டும் அதுலதானே முங்குச்சு?"

அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீரையே நினைத்து நினைத்து ஜாடிகளை மறந்திருந்தேன். கண்ணாடி சரியாகக் காயாமல் இருந்தால் ஜாடிக்குள்ளும் துணுக்கு உதிரும், அடுத்த தட்டில் வந்து ஒட்டும். நேற்று மாலை அவசரமாக ஒரு தட்டை முக்கியிருந்தோம். இப்போது எனக்கு ஒரு நம்பிக்கை கிடைத்துவிட்டது. உங்களுக்கு இது விசித்திரமாக இருக்கும், நம்பிக்கை வந்ததும்தான் பயம் நிஜமாகவே பிடித்தது. அதுவரை போனது போய்விட்டது என்று மரத்துப்போய் நின்றேன். இப்போது இழக்க ஒன்று இருந்தது.

மெழுகுக் கட்டியை ஐஸ் மேல் வைத்துக் குளிரவிட்டேன். குளிர்ந்தால்தான் சீவல் கசங்காமல் வரும். மெஷினில் மாட்டி, சக்கரத்தில் கை வைத்தேன். அதைச் சுற்றச் சுற்றக் கட்டி முன்னால் நகரும். பின்னால் போகாது. சீவியது சீவியதுதான். வெள்ளை மெழுகுக்கு நடுவில் அம்மாவின் சதை ஒரு வெளுத்த புள்ளியாகத் தெரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அது சிறுத்துக்கொண்டு வந்தது. சீவல் கிழிந்தால், தடித்தால், அது குப்பை. முழுவதும் தீர்ந்துவிட்டால் அந்த ஓரத் துண்டு யாருடையது என்று ஒருக்காலும் தெரியாது. அல்லது அம்மாவை மறுபடியும் படுக்கவைத்து அறுக்க வேண்டும்.

மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றினேன். மூச்சுக் காற்று பட்டாலே நாடா பறந்துவிடும், எங்கள் வேலையில் எல்லோரும் அப்படித்தான். ஆனால் அன்று மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை. தங்கச்சி தன் துப்பட்டா நுனியால் என் மூக்குக்கும் பிளேடுக்கும் நடுவே மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் நாடா கிழிந்தது. "போகட்டும்ணே, அது மெழுகுதான், மெழுகுதான்" என்றாள். மெழுகு மட்டும் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அடுத்த நாடா இறங்கியது. தண்ணீரில் விட்டதும் மெல்ல விரிந்தது. ஏந்தினேன். இன்னும் கொஞ்சம் ஆழத்தில் மற்றொன்று. அதையும் ஏந்தினேன். கட்டியில் புள்ளி குண்டூசித் தலை அளவுக்கு வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

காயவைத்தோம். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஜாடிகளை எல்லாம் கொட்டிக் கழுவிப் புதிதாக ஊற்றி, அம்மாவின் கண்ணாடிகளை மட்டும் தனியாக முக்கினேன். நீலம் ஏறியது, ரோஸ் ஏறியது. பசைச் சொட்டு வைத்து மூடும்போது, ஓரத்தில், முதல் கண்ணாடியில் கெட்ட துண்டு இருந்த அதே பக்கத்தில், ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டது. குமிழிக்கு அடியில் எது இருந்தாலும் தெரியாது. ஊசியால் கண்ணாடியை மெல்லத் தூக்கி, குமிழியை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி வெளியே விட்டேன். வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. வெறுங்கண்ணுக்கு எதுவுமே தெரியாதுதான்.

டாக்டரம்மா பார்க்க ஆரம்பித்தார். கண்ணாடியை இடமிருந்து வலமாக, பிறகு ஒரு நூல் கீழே இறக்கி வலமிருந்து இடமாக, வயலில் ஏர் போகிற மாதிரி நகர்த்திக்கொண்டே போனார். ஓரம் வந்தபோது அவர் கை நின்றது. மறுபடியும் நகர்ந்தது. இரண்டாவது கண்ணாடியை வைத்தார். அதையும் உழுது முடித்தார்.

"இல்ல தம்பி. அந்தத் துண்டு இதுல எங்கயும் இல்ல. டி.பி. கட்டிதான். மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டா சரியாயிரும்."

தங்கச்சி அழுதுவிட்டாள். டி.பி. என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டாக்டரம்மா அதோடு விடவில்லை. "அப்ப அது யாருது? அதையும் பாத்திரணும். நேத்துத் தட்ட எடுங்க." முந்தின நாள் கண்ணாடிகளை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒன்றில் நிறுத்தினார். "இதுதான். அச்சு அசல். இந்த அம்மாவுக்கு நான் ஏற்கெனவே கேன்சர்னு எழுதிட்டேன். அதுல மாத்தம் ஒண்ணும் இல்ல." நம்பரைப் பார்த்தேன். பென்சிலில் என் கையெழுத்து. கான்சாபுரத்துக்காரரின் வீட்டுக்காரி.

ரிசல்ட் கவரை அவரிடம் நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்து வெளியே வந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்து துள்ளி எழுந்தார்.

"அண்ணாச்சி! உங்க மொகமே சொல்லுதே. காலையில செத்தவன் மாதிரி இருந்திய, இப்ப கல்யாண வீட்டுக்காரன் மாதிரி வாரிய. நல்லதுதானே?"

என் முகத்தில் அம்மாவின் நல்ல சேதி இன்னும் அப்படியே இருந்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை. அதை எப்படித் துடைப்பது என்று தெரியாமல், கவரை நீட்டிக்கொண்டு நின்றேன். அதுவரை பட்ட பயம் எல்லாம் ஒன்று, அந்த ஒரு நிமிஷம் ஒன்று.

"டாக்டர்ட்ட காட்டுங்க" என்றேன். "இன்னைக்கே போங்க. தள்ளிப்போடாதிய."

"ஏன், இன்னைக்கேன்னா?"

"இன்னைக்கே போங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு எந்த இடத்தில் அவரை விட்டுப் போனது என்று சொல்ல முடியாது. கவரை வேட்டி மடிப்பில் வைத்து, வெளியே எடுத்து, மறுபடியும் வைத்தார். "பஸ் எப்ப இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். போய்விட்டார்.

அன்று சாயந்திரம் நான் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது, அம்மா முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடித்த துணி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லிருங்க. எதுவா இருந்தாலும் சொல்லிருங்க."

"டி.பி. கட்டிதான். மாத்திரைக்குச் சரியாயிரும்."

"அதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டு வாரிய? எனக்கு உயிரே போயிட்டு." மடித்த துணி ஒன்றைச் சுருட்டி என் மேல் எறிந்தாள். சத்தம் கேட்டு நீங்கள் இரண்டு பேரும் ஓடிவந்தீர்கள், என்ன விளையாட்டு என்று கேட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், ஜாடி, ஓரத்துத் துண்டு. அவள் கழுத்தில் ஒட்டியிருந்த துணியைத் தொட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது யாரு?"

"பேரு சொல்லக்கூடாது."

"பேரக் கேக்கல. பிள்ளைக இருக்கா அவளுக்கு?"

எனக்குத் தெரியவில்லை. அந்த மனிதர் காலையில் இருந்து ஊறுகாய், இளநீர் என்று ஏதாவது பேசிக்கொண்டேதான் இருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் மறுபடியும் எங்கள் லேப்புப் பக்கம் வரவும் இல்லை.